எழுத்து தடுமாறும் பிள்ளையும் அரசின் கடனும்

டிஸ்லெக்சியா நோயன்று, அறிவுக் குறைவும் அன்று. கண்ணும் காதும் நன்றாக இருந்து, வீட்டில் பேச்சும் தடையின்றி வந்து, பள்ளிக்கும் ஒழுங்காகப் போய்வரும் ஒரு பிள்ளைக்கு எழுத்துக் கூட்டி வாசிப்பதில் மட்டும் தீராத சிரமம் இருந்தால் அதற்கு இந்தப் பெயர். சொல்லைச் சிறு சிறு ஒலிகளாகப் பிரிப்பது, அந்த ஒலிகளை எழுத்தோடு பொருத்துவது, பொருத்தியதை வேண்டும்போது சட்டென்று நினைவிலிருந்து எடுப்பது ஆகிய வேலைகளை அந்தப் பிள்ளையின் மூளை வேறு விதமாகச் செய்கிறது என்பது இன்றைய ஆய்வாளர்களில் பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். இது குடும்பங்களில் தொடர்ந்து வருவதும் உண்டு. அரசு ஆவணங்கள் இதனைக் 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' என்ற பெரிய தொகுதிக்குள் வைக்கின்றன. அந்தத் தொகுதி முழுவதற்குமான உலக மதிப்பீடு பள்ளிப் பிள்ளைகளில் 5 முதல் 15 விழுக்காடு வரை. குறைந்த எண்ணையே எடுத்துக்கொண்டாலும் 40 பேர் உட்காரும் ஒரு வகுப்பறையில் இரண்டு பேர் இருப்பார்கள்.

இதை மருத்துவக் கேள்வியாகவும் நிர்வாகக் கேள்வியாகவும் பேசுவதே வழக்கம். அடியில் இருப்பது தத்துவக் கேள்வி. அரசு எல்லாப் பிள்ளைகளையும் பள்ளிக்கு வரச் சொல்கிறது. வந்தபின் வரலாறு, அறிவியல், கணக்கு, இலக்கியம் அனைத்தையும் எழுத்து என்ற ஒரே வழியாகத் தருகிறது. கற்றதையும் அதே எழுத்து வழியாகவே திருப்பிக் கேட்கிறது. அந்த வழி ஒருவனுக்கு அடைபட்டிருந்தால் அரசு அவனுக்குப் பட்ட கடன் என்ன? வழியைத் திறந்துவிடுவதா, வேறு வழி அமைத்துத் தருவதா, அல்லது வழியில் கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்க அனுமதிப்பதோடு முடிந்ததா? இதற்குப் பதில் சொல்லும் முன், எழுத்தின்றி வந்த அறிவு அறிவாகுமா என்பதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

மருத்துவ வரலாற்றில் இந்தக் கேள்வி தொடக்கத்திலேயே எழுந்துவிட்டது. 1896 நவம்பரில் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இதழில் 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். அவனுக்கு எண்கள் எளிதாக வந்தன. மூன்றிலக்க எண்களைப் பெருக்கினான். தன் பெயரை மட்டும் எழுத்து மாற்றி எழுதினான். பாடமெல்லாம் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் அவனாகத்தான் இருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதாக அந்தக் குறிப்பில் இருக்கிறது. ஆசிரியருக்கு விஷயம் தெரிந்திருந்தது. ஆனாலும் பாடம் வாய்மொழியாக நடக்கவில்லை.

வாய்மொழிக் கல்வியில் உலகின் பெரிய மரபுகளில் ஒன்றைச் சென்னையின் மயிலாப்பூர் வட்டாரத்திலேயே பார்க்கலாம். வேத பாடசாலைகளில் இன்றும் பாடம் ஆசிரியர் வாயிலிருந்து மாணவர் காதுக்குத்தான் போகிறது. பதம், கிரமம், ஜடை, கனம் என்று சொற்களை முன்னும் பின்னும் மாற்றி அடுக்கி ஓதும் முறைகள் ஏடில்லாமலே பாடத்தைக் காப்பதற்காக ஏற்பட்டவை. பாணினீய சிக்ஷை என்ற ஒலியியல் நூல் கடைப்பட்ட ஓதுவோர் அறுவரைப் பட்டியலிடுகிறது: இழுத்துப் பாடுபவர், அவசரப்படுபவர், தலையை ஆட்டுபவர் ஆகியோரோடு எழுதி வைத்துப் பார்த்துப் படிப்பவரும் அந்தப் பட்டியலில் இருக்கிறார். பொருள் தெரியாமல் ஓதுபவரும் இருக்கிறார். இன்றைய பள்ளியில் முதல் மதிப்பெண் வாங்கும் திறமை அந்த நூலின் பார்வையில் குறையாகிவிடுகிறது.

மயிலாப்பூரில் பிறந்தவர் என்று செவிவழி மரபு சொல்லும் திருவள்ளுவர் இதில் இரு பக்கமும் நிற்கிறார். கல்வி அதிகாரத்தில் எண்ணையும் எழுத்தையும் கண்களாக வைத்து, கல்லாதவருடைய கண்களைப் புண்கள் என்றே சொல்லிவிடுகிறார். அடுத்த அதிகாரமான கல்லாமையில் கடுமை இன்னும் கூடுகிறது. ஆனால் அதற்கும் அடுத்து அவர் வைத்திருப்பது கேள்வி என்ற அதிகாரம். கற்க வாய்க்காதவர்கூடக் கேட்டறியலாம், தளரும் வேளையில் அது தாங்கும் என்று அங்கே வழி விடுகிறார். அறிவுடைமை என்ற அதிகாரம் அதற்குப் பிறகுதான் வருகிறது. கல்லாமையிலிருந்து அறிவுடைமைக்குப் போகும் பாதை குறளில் காதின் வழியாகச் செல்கிறது. வகுப்பறைச் சுவர்களில் எழுதி வைக்கப்படுவது பெரும்பாலும் கல்வி அதிகாரம்தான். எழுத்து வராத பிள்ளை அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் தினமும் உட்கார்ந்திருக்கிறான்.

இதை வைத்துப் பழங்காலம் டிஸ்லெக்சியாவுக்குச் சொர்க்கம் என்று முடிவு கட்டுவது அவசரம். ஒலியைச் சிறிதும் பிசகாமல் வரிசையாக நினைவில் நிறுத்துவதே வாய்மொழி மரபின் உயிர். ஒலி நினைவு தளர்வாக இருப்பது டிஸ்லெக்சியாவோடு அடிக்கடி சேர்ந்து வரும் இயல்பு. கனம் ஓதும் பாடசாலையிலும் அந்தப் பிள்ளை தடுமாறியிருக்கக்கூடும். அதைவிடப் பெரிய விஷயம், அந்தப் பாடசாலையின் வாசல் பிறப்பால் அடைக்கப்பட்டிருந்தது. காதோடு காதாகச் சென்ற அறிவு யார் காதுக்குப் போகலாம் என்பதைக் கொடுப்பவரே தீர்மானித்தார். எழுத்தும் அச்சும் அரசுப் பள்ளியும் சேர்ந்துதான் அந்த வாசலைத் திறந்தன. பேருந்துப் பலகை, ரேஷன் அட்டை, மனு, வாக்குச்சீட்டு என்று பொதுவாழ்வு எழுத்தில் நடக்கும் நாட்டில் எழுத்தைக் கைவிடும் உரிமை அரசுக்கு இல்லை.

ஆகவே அரசின் கடன் ஒன்றல்ல, இரண்டு. எத்தனை வழிகளில் முயன்றாலும் சரி, எழுத்தைக் கற்றுத்தருவது முதல் கடன். எழுத்து வந்து சேரும்வரை மற்ற அறிவைப் பூட்டி வைக்காமலிருப்பது இரண்டாம் கடன். தமிழ்நாட்டிலும் இந்தியாவிலும் இரண்டாம் கடனின் ஒரு பகுதி, தேர்வு அறையில், ஓரளவு தீர்க்கப்படுகிறது. முதல் கடனில் பாக்கி அதிகம்.

சமய மரபு இந்தக் குழந்தையை எப்படிப் பார்த்தது என்பதும் கவனிக்கத் தக்கது. தமிழ்க் கதைகளில் மந்தமான பிள்ளைக்குத் தீர்வு அருள். ஐந்து வயதுவரை பேசாதிருந்த குமரகுருபரர் திருச்செந்தூரில் முருகன் அருளால் வாய் திறந்து கந்தர் கலிவெண்பா பாடியதாகச் சொல்வது மரபு. விஜயதசமியன்று நெல்லில் குழந்தையின் விரலைப் பிடித்து எழுதவைக்கும் பெற்றோரின் மனத்திலும் அந்த நம்பிக்கை இருக்கிறது. அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் இத்தகைய கதைகளில் ஆசிரியருக்கு வேலை இல்லை. பிள்ளை ஒரே நொடியில் மாறிவிடுகிறான், கற்பிக்கும் முறை மாறவேண்டிய தேவையே எழுவதில்லை.

பௌத்த மரபில் உள்ள சூளபந்தகன் கதை இதற்கு மாறானது. தம்மபத உரையும் ஜாதகக் கதையும் அதைச் சொல்கின்றன. நான்கு மாதம் முயன்றும் ஒரே ஒரு பாடலை மனப்பாடம் செய்ய முடியாத அந்த இளம் பிக்குவை அவனுடைய அண்ணனே சங்கத்திலிருந்து வெளியேறச் சொல்கிறார். புத்தர் அவனிடம் பாடலைக் கொடுக்கவில்லை. ஒரு வெள்ளைத் துணியைக் கொடுத்து, அழுக்கு நீங்குவதாகச் சொல்லிக்கொண்டே தேய்க்கச் சொல்கிறார். துணி கையில் அழுக்காவதைக் கண்டு அவன் நிலையாமையை உணர்ந்து அருகத நிலை அடைகிறான். உரைநூல் அவனுடைய மந்தத்துக்கு முற்பிறவிக் காரணமும் சொல்கிறது: முன்பு ஒரு மந்தமான பிக்குவைக் கேலி செய்ததன் பலனாம். வினைக்கொள்கையை முழுதாக ஏற்றுக்கொண்ட கதையிலேயே வினை, ஆசிரியரின் பொறுப்பைக் குறைக்கவில்லை. மாணவன் கற்கவில்லையென்றால் பாடம் மாறவேண்டும் என்பதே அங்கு முடிவு. அண்ணன் செய்ததைத்தான் பள்ளிகள் பல தலைமுறையாகச் செய்துவந்திருக்கின்றன.

பள்ளியில் வினையின் இடத்தைப் பிடித்துக்கொண்டது சோம்பேறித்தனம். கவனம் இல்லை, அக்கறை இல்லை, மண்டையில் ஏறவில்லை என்ற வசைகளெல்லாம் பிள்ளை மனம் வைத்தால் முடியும் என்ற ஊகத்தின் மேல் நிற்பவை. செய்ய முடிகிற ஒன்றைச் செய்யத் தவறினால்தான் ஒருவரைக் குற்றம் சொல்லலாம். கடமை என்ற பேச்சே இயலும் என்பதை முன்வைத்துத்தான் எழுகிறது என்பது ஜெர்மானியத் தத்துவ அறிஞர் காண்டின் நெறி. டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்கு வகுப்பறையில் நடக்கும் முதல் அநீதி இதுதான்: அவன் மதிப்பெண் இழப்பதற்கு முன்பே நல்லவன் என்ற பெயரை இழக்கிறான். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் உடல் தண்டனையையும் மனத்தை நோகடிப்பதையும் தடை செய்திருக்கிறது. தடை வந்தபின் பிரம்பு குறைந்திருக்கலாம்; வசை அவ்வளவு எளிதாகக் குறைவதில்லை.

சட்டம் இந்தக் குழந்தையைக் காண நெடுங்காலம் எடுத்துக்கொண்டது. 1995ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகளே இருந்தன; கற்றல் குறைபாடு அவற்றில் இல்லை. அந்த இடைவெளியில் பெற்றோரும் தன்னார்வலர்களும்தான் வேலை செய்தார்கள். 1990களின் தொடக்கத்தில் தோன்றி தியாகராய நகரில் இயங்கிவரும் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் அத்தகைய முயற்சிகளில் முக்கியமானது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருவது, பள்ளிக்குள்ளேயே வள அறை அமைக்க உதவுவது, அனன்யா என்ற மையத்தில் பிள்ளைகளைச் சிறிது காலம் வைத்துக் கற்பித்துப் பின் வழக்கமான பள்ளிக்கே திருப்பி அனுப்புவது என்று அதன் பணி விரிந்தது. திருப்பி அனுப்புவது என்பதில் ஒரு கொள்கை இருக்கிறது. தனிப்பள்ளியில் நிரந்தரமாக ஒதுக்கி வைப்பது தீர்வல்ல என்று சட்டம் சொல்வதற்கு முன்பே அவர்கள் அதை நடத்திக்காட்டினார்கள்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்தது. குறைபாடுகளின் பட்டியல் 21 ஆக விரிந்தது. டிஸ்லெக்சியா, எழுதுவதில் வரும் டிஸ்கிராஃபியா, கணக்கில் வரும் டிஸ்கால்குலியா ஆகியவை கற்றல் குறைபாடு என்ற பெயரின்கீழ் அதில் இடம்பெற்றன. அச்சட்டத்தின் 16ஆம் பிரிவு, கற்றல் குறைபாட்டைக் கூடிய விரைவில் கண்டறிந்து அதற்கேற்ற கற்பித்தல் முறைகளைக் கையாள வேண்டும் என்று பள்ளிகளுக்குக் கடமை விதிக்கிறது. 17ஆம் பிரிவு தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப்பாட விலக்கு ஆகியவற்றைக் குறிப்பிடுகிறது. தமிழ்நாட்டில் நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலை வளாகத்திலிருந்து இயங்கும் அரசுத் தேர்வுகள் இயக்ககம், பொதுத்தேர்வு எழுதும் டிஸ்லெக்சியா மாணவர்களுக்குக் கூடுதலாக ஒரு மணி நேரமும், சொல்வதை எழுதுபவரும், ஒரு மொழிப்பாட விலக்கும் தருகிறது. மத்திய அரசின் வழிகாட்டுதலும் ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தது 20 நிமிடம் என்றே கணக்கிடுகிறது. மூன்று மணி நேரத் தேர்வுக்கு இது ஒரு மணி நேரமாகிறது.

இவற்றுக்கு வழக்கில் 'சலுகை' என்று பெயர். சக மாணவர்களின் பெற்றோர் சிலர் மனத்தில் எழும் கேள்வியும் அங்கிருந்தே வருகிறது: எல்லோருக்கும் மூன்று மணி நேரம், இவனுக்கு மட்டும் நான்கா? கேள்வி கேலிக்குரியது அல்ல. சமமானவர்களைச் சமமாகவும் சமமல்லாதவர்களை அந்த வேறுபாட்டுக்குத் தக்கபடியும் நடத்துவதே நீதி என்று அரிஸ்டாட்டில் சொல்லிவிட்டார். ஆனால் எந்த வேறுபாடு கணக்கில் வரும் என்பதுதான் சிக்கல். நல்ல குழலை நன்றாக ஊதுபவருக்குத்தான் தரவேண்டும், உயர்குடியில் பிறந்தவருக்கோ அழகானவருக்கோ அல்ல என்று அவரே ஓர் அளவுகோல் தருகிறார். எதற்காகப் பங்கிடுகிறோமோ அதற்குத் தொடர்புள்ள தகுதியைத்தான் பார்க்கவேண்டும்.

தேர்வு எதை அளக்கிறது என்று முதலில் கேட்டால் இங்கே பாதிக் குழப்பம் தீரும். வரலாற்றுத் தேர்வு வரலாற்றறிவை அளக்கிறது. வினாவை வாசிக்க எவ்வளவு நேரம் ஆனது என்பது அளவில் கலந்துவிடும் பிழை. கூடுதல் நேரம் அந்தப் பிழையைக் குறைக்கிறது. அச்சுப்பிழை திருத்துபவரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வில் வேகமாகப் பிழையின்றி வாசிப்பதே அளக்கப்படும் பொருள். அங்கே கூடுதல் நேரத்தை மறுப்பதில் நியாயம் இருக்கலாம். பள்ளித் தேர்வுகளில் பெரும்பாலானவை முதல் வகை. இந்த வாதத்தைக் கடைசிவரை கொண்டுபோனால் தேர்வு நடத்துபவர்களுக்குச் சங்கடமான ஓர் இடத்தில் போய் நிற்கும்: வேகம் அளக்கப்படவில்லையென்றால் மற்ற மாணவர்களையும் மூன்று மணி நேரத்துக்குள் நெருக்குவது எதற்காக? அதற்கு நிர்வாக வசதி என்பதைத் தவிர வேறு நல்ல பதில் கிடையாது.

அமர்த்தியா சென் 1979இல் ஸ்டான்ஃபோர்டில் ஆற்றிய உரையில் எழுப்பிய கேள்வி, எதில் சமத்துவம் என்பது. ஒரே வளத்தை எல்லோர் கையிலும் கொடுத்தால் அதைக்கொண்டு எல்லோராலும் ஒரே அளவு செய்ய முடிவதில்லை. ஆகவே ஒருவரால் என்ன செய்ய முடிகிறது, என்னவாக இருக்க முடிகிறது என்பதில்தான் சமத்துவத்தைப் பார்க்கவேண்டும் என்றார். ஒரே பாடநூல், ஒரே வினாத்தாள், ஒரே நேரம் என்பது வளத்தில் சமத்துவம். அது எளிது, பார்வைக்கும் அழகு. டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்கு அது எதையும் தருவதில்லை. 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் எதிர் யுபிஎஸ்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதே திசையில் சென்றது. எழுதும்போது கை பிடித்துக்கொள்ளும் குறைபாடுடைய அந்தத் தேர்வருக்கு, குறைபாடு சட்டம் வரையறுக்கும் 40 விழுக்காட்டை எட்டவில்லை என்ற காரணத்துக்காகச் சொல்வதை எழுதுபவரை மறுக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. நியாயமான இணக்கம் செய்து தருவது கருணை அல்ல, அதை மறுப்பது பாகுபாடு என்பதே அத்தீர்ப்பின் சாரம். அதன் தொடர்ச்சியாக 2022 ஆகஸ்டில் மத்திய அரசு 40 விழுக்காட்டுக்குக் குறைந்தவர்களுக்கும் வழிகாட்டுதல் வெளியிட்டது.

மொழிப்பாட விலக்கு இவ்வளவு எளிதில் நியாயப்படுத்தக்கூடியது அல்ல. கூடுதல் நேரம் ஒரு தடையை நீக்குகிறது. விலக்கோ பாடத்தையே நீக்கிவிடுகிறது. தமிழ்நாடு தமிழ் கற்றல் சட்டம் 2006இல் வந்தபின் பத்தாம் வகுப்புவரை தமிழ் கட்டாயம் என்ற நிலை படிப்படியாக ஏற்பட்டது. ஆங்கிலவழிப் பள்ளியில் படிக்கும் மயிலாப்பூர்ப் பிள்ளைக்கு ஒரு மொழியை விடலாம் என்று சொன்னால் வீட்டார் எதை விடுவார்கள் என்பது சொல்லித் தெரியவேண்டியதில்லை. மேற்படிப்புக்கும் வேலைக்கும் ஆங்கிலம் வேண்டும். ஆகவே தமிழ் போகும். பாட்டியோடு பேசும் மொழியில் தன் பெயரைக்கூட எழுத வேண்டியதில்லை என்று ஒரு பிள்ளைக்கு அரசே முத்திரை குத்திக் கொடுப்பது உதவிதானா? தேர்வில் தேறுவதற்கு உதவி என்பது உண்மை. இரண்டு எழுத்துமுறைகளை ஒரே நேரத்தில் சுமக்கும் பிள்ளையின் பாரத்தைக் கண்டவர்கள் விலக்கை எதிர்க்கத் தயங்குவார்கள், எதிர்ப்பது கொடுமையும்கூட. ஆயினும் விலக்கு தவிர வேறு ஏற்பாடே இல்லாமல் வைத்திருப்பது கற்பனை வறட்சி. தமிழ் இலக்கியம் பெரும்பகுதி பாடிக் கேட்க எழுந்தது. நூலை அவையில் வாய்விட்டு அரங்கேற்றி ஏற்பு வாங்கிய மொழி இது. தமிழை வாய்மொழித் தேர்வாக, கேட்டுப் பொருள் சொல்வதாக, சொந்தமாகப் பேசிக் காட்டுவதாக வைப்பது இந்த மொழிக்குப் புதிதல்ல. எழுத்திலிருந்து விலக்கு தரலாம். மொழியிலிருந்து விலக்கு தருவது மிகை.

எழுத்து என்று வரும்போது தமிழெழுத்துக்குத் தனியான குணங்கள் உண்டு. ஆங்கிலத்தைப்போல ஒரே எழுத்து சொல்லுக்கொரு ஒலி காட்டுவதில்லை. க, ச, ட போன்றவை இடத்துக்கேற்ப மென்மையாவது ஓர் ஒழுங்குக்குள் நடக்கிறது. இத்தகைய ஒழுங்கான எழுத்துமுறைகளில் டிஸ்லெக்சியா, தப்பாக வாசிப்பதாக அல்லாமல் மெதுவாக வாசிப்பதாகவே பெரும்பாலும் வெளிப்படுகிறது என்பது இத்தாலியம், ஜெர்மன், ஃபின்னிஷ் மொழி ஆய்வுகளிலிருந்து தெரிந்த செய்தி. அதனால் தமிழ்வழிப் பள்ளியில் இந்தப் பிள்ளை கண்ணுக்குப் படாமல் போக வாய்ப்பு அதிகம். பிழையில்லாமல், ஆனால் மூச்சுத் திணறி வாசிப்பவனை மந்தம் என்று சொல்லி ஒதுக்கிவிடுவது எளிது. கொம்பு மெய்க்கு முன்னால் எழுதப்பட்டுப் பின்னால் ஒலிப்பது, ர-ற, ன-ண, ல-ள-ழ வேறுபாடு பேச்சில் பலருக்கு மங்கிவிட்டது ஆகியவை தனி இடறல்கள். 1978இல் தமிழ்நாடு அரசு, பெரியார் 1935 முதலே தம் ஏட்டில் கையாண்டுவந்த எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ணை, லை, றா, னா போன்றவற்றின் பழைய சுழி வடிவங்களை நீக்கியது. யாரையும் சோதிக்காமல், யாருக்கும் சான்றிதழ் தராமல், எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே நேரத்தில் பாரத்தைக் குறைத்த அரசு உதவி அது. இப்படிப்பட்ட உதவிக்கு யாரும் சலுகை என்று பெயர் வைக்கவில்லை.

இன்றைய உதவியோ சான்றிதழ் வழியாகவே வருகிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் உருவாக்கிய சோதனைத் தொகுதி அடிப்படை. 2018இல் வெளியான மத்திய அரசு வழிகாட்டுதல் எட்டு வயதிலிருந்துதான் சான்று என்று வைத்தது. 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடி சோதனை என்றது. எட்டு வயது என்றால் மூன்றாம் வகுப்பு. வாசிப்பில் உதவி மிகுதியாகப் பலன் தரும் முதலிரண்டு வகுப்புகள் அதற்குள் முடிந்துவிடுகின்றன. விரைவில் கண்டறியச் சொல்லும் 16ஆம் பிரிவும் எட்டு வயதுக்குக் காத்திருக்கும் சான்றிதழ் முறையும் ஒன்றோடொன்று இடிக்கின்றன. அந்த வயது வரம்புக்குச் சோதனை நோக்கில் காரணம் உண்டு. மிகச் சிறிய வயதில் இயல்பான தாமதத்தையும் குறைபாட்டையும் பிரித்தறிவது கடினம். பிழை வரம்பில் இல்லை, உதவியை வரம்போடு கட்டிப்போட்டதில் இருக்கிறது.

40 விழுக்காடு என்ற கோடும் அப்படித்தான். வாசிப்புத் திறன் ஒரு தொடர்கோட்டில் பரவிக் கிடக்கிறது. எந்த மணல் சேரும்போது அது குவியலாகிறது என்ற பழைய கிரேக்கப் புதிரைப் போல, எந்தப் புள்ளியில் குறைபாடு தொடங்குகிறது என்பதை இயற்கை சொல்வதில்லை. இந்திய மருத்துவக் கவுன்சில் 2019இல் வெளியிட்ட விதிமுறைத் திருத்தத்திலேயே, கற்றல் குறைபாட்டின் தீவிரத்தை அளக்கும் அளவுகோல் தற்போது இல்லை, ஆகவே 40 விழுக்காடு என்ற எல்லை தன்னிச்சையானது என்று குறிப்பு இருக்கிறது. அரசிதழில் இவ்வளவு வெளிப்படையான ஒப்புதல் அபூர்வம். இடஒதுக்கீடுபோல எண்ணிக்கைக்கு உட்பட்ட ஒன்றைப் பங்கிடக் கோடு தேவை. அது எங்கே விழுந்தாலும் யாரோ ஒருவருக்கு அநியாயமாகத்தான் இருக்கும். பொறுமையாகச் சொல்லித்தருவதற்கும், வினாவை வாசித்துக் காட்டுவதற்கும் கோடு எதற்கு?

கோட்டின் மறுபக்கம் பணம். மயிலாப்பூரிலோ அடையாறிலோ தனியார் பள்ளியில் படிக்கும் பிள்ளை திணறினால், ஆசிரியர் சொல்லி, பெற்றோர் உளவியலாளரைத் தேடி, சோதனை செய்து, சிறப்புப் பயிற்றுநரை வைத்து, தேவையானால் தேசிய திறந்தநிலைப் பள்ளியில் பாடங்களைத் தேர்ந்தெடுத்து எழுதவைத்து, அரசு தரும் அத்தனையையும் பெறுகிறார்கள். சில தெரு தள்ளி மாநகராட்சிப் பள்ளியில் அதே சிரமம் உள்ள பிள்ளைக்கு முதல் தலைமுறை, வீட்டில் சொல்லித்தர ஆளில்லை, அடிக்கடி விடுப்பு என்று காரணங்கள் வரிசையாகக் கிடைத்துவிடுகின்றன. அவை பொய்யான காரணங்களும் அல்ல. அதனாலேயே அடியில் உள்ள காரணம் மறைந்துபோகிறது. கேட்கத் தெரிந்தவருக்குத் தரப்படும் உரிமை, பாதி உரிமைதான். மாநிலப் பள்ளிக் கல்வித் துறை இதை அறியாமலில்லை. 21 வகைக் குறைபாடுகளையும் வகுப்பாசிரியரே முதற்கட்டமாகக் குறித்து அனுப்ப நலம் நாடி செயலி வந்தது. 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் ஒன்றாம் வகுப்பு முதல் மூன்றாம் வகுப்புவரை பிள்ளைகளை அவரவர் நிலைக்கேற்பக் குழுவாகப் பிரித்துப் பாட்டு, கதை, செயல்பாடு வழியே கற்பிக்கச் சொன்னது. இரண்டாவது திட்டம் டிஸ்லெக்சியாவின் பெயரைச் சொல்லாமலே அந்தப் பிள்ளைக்கு மற்றெதையும்விட நெருக்கமாக வந்தது. பல புலன்களையும் சேர்த்து, ஒலியிலிருந்து எழுத்துக்குப் படிப்படியாகப் போகும் கற்பித்தல்தான் டிஸ்லெக்சியாவுக்கு உகந்தது என்று துறையினர் கொள்கிறார்கள்.

அந்த முறை சென்னைக்கு அந்நியமானதும் அல்ல. திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிக்கொண்டே எழுத்தை உரக்கச் சொன்னார்கள். கையும் காதும் வாயும் கண்ணும் ஒரே எழுத்தின்மேல் குவிந்தன. எழும்பூரில் இருந்த ஆதரவற்ற சிறுவர் இல்லத்தின் பொறுப்பை 1789இல் ஏற்ற ஆண்ட்ரூ பெல், இந்த மணல் எழுத்தைக் கண்டு தம் பள்ளியில் புகுத்தினார். மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் முறையோடு சேர்த்து 1797இல் நூலாக வெளியிட்டார். அது 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்துக்குப் போனது. 1939இல் அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து பயிற்சி வகுப்பு நடத்திய மரியா மாண்டிசோரி கையாண்ட உப்புத்தாள் எழுத்துகளும் இதே நோக்கம் கொண்டவை. அவர் அந்த முறையை முதலில் உருவாக்கியது ரோமில், கற்க இயலாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளுக்காக. இயலாதவர்கள் என்று முத்திரை குத்தப்பட்டவர்களுக்கு உதவிய முறை, பின்னர் வசதியான வீட்டுப் பிள்ளைகள் கட்டணம் கட்டிச் சேரும் பள்ளிகளின் அடையாளமாகிவிட்டது. அந்த முறை வந்துசேர வேண்டிய இடம் அரசுத் தொடக்கப் பள்ளி. அதற்கு வேண்டியது ஆட்கள். 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தொடக்க வகுப்புகளில் பத்து மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கு ஒருவர், மேல் வகுப்புகளில் பதினைந்து பேருக்கு ஒருவர் என்று சிறப்பாசிரியர் விகிதத்தை ஏற்படுத்தியது. வட்டார வள மையத்திலிருந்து பள்ளி பள்ளியாகச் சுற்றிவரும் பயிற்றுநரால் தினமும் அரைமணி நேரம் ஒரு பிள்ளையோடு உட்கார முடியாது. டிஸ்லெக்சியாவுக்குத் தேவைப்படுவதோ அப்படி நாள் தவறாமல் நடக்கும் பயிற்சி.

தேர்வில் ஒரு மணி நேரம் கூட்டித் தருவதற்கு அரசுக்கு ஆகும் செலவு சொற்பம். வகுப்பில் தினமும் அரைமணி நேரம் தருவதற்கு ஆகும் செலவு பெரிது. உதவி ஏன் தேர்வு அறையிலேயே குவிந்திருக்கிறது என்பதற்கு இதைவிட ஆழமான காரணம் தேடவேண்டியதில்லை. 16ஆம் பிரிவின் கடமைக்குச் சான்றிதழ் முன்நிபந்தனை அல்ல. இரண்டாம் வகுப்பில் வாசிக்கத் திணறும் பிள்ளையின் பெற்றோர், பள்ளி எந்த வாரியத்தைச் சேர்ந்ததாக இருந்தாலும், தலைமையாசிரியரிடம் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு எழுத்து மூலமாக உதவி கேட்கலாம். பொதுத்தேர்வுக்கான விண்ணப்பத்தைப் பத்தாம் வகுப்பில் பார்த்துக்கொள்ளலாம்.